வரி போட முடியாத அரசு, நிலத்தை மட்டும் எப்படி அளந்தது? (எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடம்)

சங்கிலித் தாத்தா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் முப்பத்தொரு வருடம் நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆறு மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று ஒஹாயோவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே, சயோட்டோ ஆற்றுக்கு மேற்கே வீடு. மகனும் மருமகளும் வேலை முடிந்து வர மணி ஏழாகிவிடும். அதுவரை சமையலறை மேசையில் நானும் பேத்தியும்தான். கணக்கில் என் உதவி அவளுக்குத் தேவையில்லை. வரலாறு மட்டும் என் தலையில் விழுந்திருக்கிறது.

இங்கே எட்டாம் வகுப்பில் 1492 முதல் 1877 வரையிலான அமெரிக்க வரலாறு. இந்த வாரக் கட்டுரைத் தலைப்பு: "கூட்டமைப்பு விதிகள் தோல்வியா?" இப்போதுள்ள அரசமைப்புச் சட்டத்துக்கு முன்னால் இருந்த ஏற்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பள்ளியில் ஏழெட்டு ஆவணத் துண்டுகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து குறைந்தது மூன்றையாவது எடுத்துக்காட்ட வேண்டுமாம்.

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். தோல்விக்குச் சாட்சி ஏராளம். 1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. பதின்மூன்று மாநிலங்கள், ஆளுக்கொரு ஓட்டு. ஜனாதிபதியும் இல்லை, மத்திய நீதிமன்றமும் இல்லை. மாநிலப் பிரதிநிதிகள் கூடும் காங்கிரஸ் சபை வரி போட முடியாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். இறக்குமதிச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து தீர்வை விதிக்க அனுமதி கேட்டார்கள். அதற்குப் பதின்மூன்று மாநிலங்களும் தலையாட்ட வேண்டும். 1782-இல் ரோட் ஐலண்ட் முடியாது என்றது, அத்தோடு சரி. மறுவருடம் சம்பளப் பாக்கி கேட்டுச் சிப்பாய்கள் பிலடெல்பியாவில் கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டபோது காங்கிரஸ் உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார்கள். 1786-இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடனுக்காக நிலத்தை இழப்பது பொறுக்காமல் நீதிமன்றங்களை மறித்தார்கள். அதை அடக்க மத்திய அரசிடம் படையில்லை. பாஸ்டன் வியாபாரிகள் பணம் போட்டுத்தான் மாநிலம் படை திரட்டியது.

சரி, கையாலாகாத அரசு என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன். அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

1785-ஆம் வருட நிலச் சட்டம். ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரி. ஒவ்வொரு சதுரத்தையும் முப்பத்தாறு கட்டமாக்கு. கட்டம் ஒன்று 640 ஏக்கர். பதினாறாம் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு. கோடுகளைச் சங்கிலியால் அளக்க வேண்டும், மரங்களில் வெட்டுக்குறி போட வேண்டும், உப்பு ஊற்று, சுரங்கம், ஆலை வைக்கத் தோதான இடம், ஓடை, மண்ணின் தரம் எல்லாவற்றையும் படத்தில் காட்ட வேண்டும். நில அளவருக்கு மைலுக்கு இரண்டு டாலர் கூலி. சங்கிலி பிடிக்கிறவர், குறி வெட்டுகிறவர் கூலியெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். (இதைப் படித்ததும் என் பழைய செயின்மேன் நினைவுக்கு வந்தார். நல்லவேளை, அவர் இந்தச் சட்டத்தின் கீழ் வேலை பார்க்கவில்லை.)

அந்தச் சங்கிலி, எங்கள் சங்கிலி! அறுபத்தாறு அடி, நூறு லிங்க், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். எங்கள் ஊர் பழைய எஃப்எம்பி (புல அளவைப் புத்தகம்) படங்கள் முழுக்க இந்த லிங்க் கணக்குதான்.

நில அளவை என்பது சும்மா நடக்கிற வேலை இல்லை. ஒரு கிராமத்தை மறு அளவை செய்ய என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வக்கில்லாத அரசு, ஆளனுப்பி காட்டை அளக்க எப்படித் துணிந்தது? பாடத் தாளில் "பலவீனங்கள்" என்று ஒரு பக்கம், "சாதனைகள்" என்று மறுபக்கம். இரண்டையும் இணைக்க ஒரு வரிகூட இல்லை. பேத்தி, "தாத்தா, ரெண்டு பத்தி எழுதினால் போதும், மார்க் வந்துவிடும்" என்கிறாள். எனக்குத்தான் மனது ஆறவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

ஐயா, வணக்கம். நானும் ஒஹாயோவில்தான், பதினான்கு வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று மாணவர்களில் ஆண்டுக்கு ஒருவர் கேட்டாலே எனக்குத் தீபாவளி. ஒரு தாத்தா கேட்டிருக்கிறார், சந்தோஷம்.

வரி போட முடியாத அரசு எப்படி அளந்தது என்கிறீர்கள். வரி போட முடியாததால்தான் ஐயா அளந்தது. அந்தக் காங்கிரஸின் கையில் இரண்டே பொருள்கள் இருந்தன: சுதந்திரப் போரின் கடன், மேற்கே நிலம். கடனை அடைக்க வரி இல்லையென்றால் நிலத்தை விற்க வேண்டும். விற்பதற்கு முன் அளக்க வேண்டும். உங்கள் பேத்தியின் தாளிலேயே விலையும் இருக்கும், பாருங்கள். ஏக்கர் ஒரு டாலருக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் அளவைச் செலவுக்காகச் சதுரத்துக்கு முப்பத்தாறு டாலர் என்று வாங்குகிறவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நிலம் எப்படிக் காங்கிரஸ் கைக்கு வந்தது என்பது இன்னும் சுவையானது. வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் தங்கள் எல்லை மேற்கே மிசிசிப்பி வரை போகிறது என்று பழைய அரச சாசனங்களைக் காட்டிக்கொண்டிருந்தன. மேரிலாந்துக்கு அப்படிக் காட்ட எதுவும் இல்லை. "பெரிய மாநிலங்கள் அந்த நிலத்தைப் பொதுவில் விட்டால்தான் கையெழுத்து" என்று அது உட்கார்ந்துவிட்டது. 1777-இல் எழுதி முடித்த விதிகள் 1781 வரை இழுத்தது அதனால்தான். வர்ஜீனியா ஒப்படைத்த பத்திரம் 1784-இல் முடிந்தது, மறு வருடமே நிலச் சட்டம். மேரிலாந்தின் அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் காங்கிரஸுக்கு அளக்க ஒரு குழிகூட இருந்திருக்காது.

இனி, பாடத் தாள் சொல்லாமல் விடுவது. அந்தத் திட்டம் நினைத்தபடி பணம் தரவில்லை. ஒரு கட்டம் 640 ஏக்கர், அதாவது குறைந்தது 640 டாலர். எந்த விவசாயி கையில் அவ்வளவு இருக்கும்? முதலில் அளந்த பகுதியை 1787-இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள், பாதிக்கு மேல் தேங்கிவிட்டது. சில்லறையில் போகாத சரக்கை மொத்தத்தில் தள்ளினார்கள். போரில் இருந்த நியூ இங்கிலாந்து அதிகாரிகள் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்திருந்தார்கள். அவர்கள் சார்பில் மனாசே கட்லர் என்ற போதகர் நியூயார்க்குக்கு வந்து பேரம் பேசினார். பல லட்சம் ஏக்கர். பணமாக அல்ல, பெரும்பாலும் மதிப்பிழந்து கிடந்த அரசுக் கடன் பத்திரங்களாக. வாங்குகிறவர்கள் கேட்பார்கள் அல்லவா: "அங்கே போய்க் குடியேறினால் எங்களுக்கு என்ன சட்டம்? யார் ஆட்சி?" அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் 1787 ஜூலை 13-இன் வடமேற்குச் சட்டம். 1788-இல் அந்தக் கம்பெனிக்காரர்கள் மரியெட்டா ஊரை அமைத்தார்கள்.

ஆட்சிமுறைப் பாடத்துக்கு இந்தச் சட்டம்தான் மையம். முதலில் காங்கிரஸ் நியமிக்கும் ஆளுநர். வயது வந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்தால் சொந்தச் சட்டமன்றம். சுதந்திர மக்கள் 60,000 பேர் ஆனால் மாநிலம், அதுவும் பழைய பதின்மூன்று மாநிலங்களுக்குச் சமமான மாநிலம். இந்தக் கடைசிச் சொல்லை வகுப்பில் நான் பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். லண்டன் தங்களைக் காலனியாக வைத்திருந்ததை எதிர்த்துப் போரிட்டவர்கள், தங்களுக்கு மேற்கே காலனி வைத்துக்கொள்ளவில்லை. பதினாறு வருடம் கழித்து, 1803-இல் ஒஹாயோ மாநிலமானபோது வர்ஜீனியாவுக்கு எத்தனை செனட்டரோ அத்தனை செனட்டர். அடிமை முறைக்கும் அந்தப் பகுதியில் தடை, தப்பி வந்தவரைத் திருப்பித் தர வேண்டும் என்ற கொக்கியோடு.

தேதியையும் பாருங்கள். காங்கிரஸ் கூடியிருந்த நியூயார்க்கில் ஜூலை 13. பிலடெல்பியாவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புதிய அரசமைப்பை எழுதிக்கொண்டிருந்தவர்கள், செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் என்று ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடிவு செய்தது ஜூலை 16. சாகப்போகிற அரசு ஒரு ஊரில் தன் நல்ல சட்டத்தை இயற்றுகிறது, மூன்று நாள் கழித்து இன்னொரு ஊரில் அதற்கு மாற்று தயாராகிறது.

பேத்தி கட்டுரைக்கு ஒரு சின்ன யோசனை. "பலவீனம் ஒரு பத்தி, சாதனை ஒரு பத்தி" கட்டுரைகள் என் மேசைக்கு வருடத்துக்கு நூற்றுக்கு மேல் வருகின்றன, எல்லாம் ஒரே முகம். "இந்தப் பலவீனத்தால்தான் இந்தச் சாதனை" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, தீர்வை மறுக்கப்பட்டது ஒரு சான்று, நிலச் சட்டத்தின் விலை ஒரு சான்று, வடமேற்குச் சட்டம் ஒரு சான்று என்று அதன் கீழ் வைக்கட்டும். ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: சயோட்டோவுக்கு மேற்கே வீடு என்கிறீர்கள். அங்கே அந்தச் சதுரங்களைத் தேடாதீர்கள். காரணத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள் என்று விடுகிறேன்.

டேட்டன்வாசி எழுதியது:

டீச்சர் எழுதியதில் தவறில்லை. ஆனால் "காங்கிரஸின் கையில் நிலம் இருந்தது" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். ஷானி, மயாமி, டெலவேர், வயண்டாட் பழங்குடி மக்கள் ஊரும் சோளக்கொல்லையுமாக வாழ்ந்த இடம் அது. 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டன் அதை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அந்த மக்களில் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. பிறகு நம்மூர் பாஷையில் சொன்னால், குடியிருப்பவர் இருக்கும்போதே புறம்போக்கு என்று எழுதிவிட்டார்கள்.

1785 செப்டம்பர் 30 அன்று தாமஸ் ஹட்சின்ஸ், பென்சில்வேனிய எல்லை ஒஹாயோ ஆற்றைத் தொடும் இடத்தில் முதல் கோட்டைத் தொடங்கினார். இன்றைய ஈஸ்ட் லிவர்பூல் ஊருக்குப் பக்கம், நினைவுக்கல் இருக்கிறது. சில மைல் போவதற்குள் தாக்குதல் செய்தி வந்து வேலை நின்றுவிட்டது. மறு வருடம் படைக்காவலோடுதான் சங்கிலி நகர்ந்தது.

வடமேற்குச் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு: பழங்குடியினர் விஷயத்தில் எப்போதும் முழு நேர்மை காக்கப்படும், அவர்கள் சம்மதமின்றி அவர்கள் நிலம் எடுக்கப்படாது. அதே சட்டம், அதே நிலத்தை எத்தனை மாநிலமாக வெட்டலாம் என்றும் சொல்கிறது.

நான் இருக்கும் டேட்டனுக்கு வடமேற்கே கொஞ்ச தூரத்தில் ஃபோர்ட் ரெகவரி என்ற சிற்றூர். 1791 நவம்பர் 4-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே லிட்டில் டர்ட்டில், ப்ளூ ஜாக்கெட் ஆகியோர் தலைமையிலான பழங்குடிக் கூட்டுப்படை, ஆளுநர் செயின்ட் கிளேர் கொண்டுவந்த படையைச் சுற்றி வளைத்தது. அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். பழங்குடியினரோடு நடந்த போர்களில் அமெரிக்க ராணுவம் ஒரே நாளில் இவ்வளவு பேரை வேறெங்கும் இழக்கவில்லை. இதை விசாரிக்கத்தான் 1792-இல் பிரதிநிதிகள் சபை முதன்முதலாக ஒரு விசாரணைக் குழு வைத்தது. நிர்வாகத்தின் கோப்புகளைச் சபை கேட்கலாமா என்று வாஷிங்டன் தன் அமைச்சர்களைக் கூட்டி ஆலோசித்து, கடைசியில் கொடுத்தார். "சட்டமன்றம் நிர்வாகத்தைத் தட்டிக்கேட்கலாம்" என்று எட்டாம் வகுப்புப் புத்தகம் கட்டம் போட்டுச் சொல்கிறதே, அது முதன்முதலில் நடந்துபார்த்தது இந்தத் தோல்வியை வைத்துத்தான்.

பிறகு புதிய அரசமைப்பின் கீழ் வரிப்பணத்தில் இன்னொரு படை, 1794-இல் ஃபாலன் டிம்பர்ஸ் சண்டை, 1795-இல் பழங்குடியினரோடு கிரீன்வில் ஒப்பந்தம், ஒஹாயோவின் பெரும்பகுதி கைமாறியது. ஆக ஐயாவின் கேள்விக்கு என் பதில்: அளக்கத் தொடங்கியது வரி போட முடியாத அரசு. பிடித்துக்கொண்டது வரி போட முடிந்த அரசு. கட்டுரையில் "தோல்வி" என்ற சொல்லை எழுதும்போது, யாருக்கு என்று பேத்தி ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

தேர்வுக்குப் படிப்பவர் எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். குடியுரிமை நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். செனட்டர் நூறு பேர் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாமலே. நான்கு கோடிக்குக் கொஞ்சம் குறைவாக மக்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு என்பதை இனி மாற்றவே முடியாதா?

எட்டாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

ஏறக்குறைய முடியாது. சட்டத் திருத்தம் பற்றிய ஐந்தாம் பிரிவிலேயே, எந்த மாநிலத்தின் செனட் சம இடத்தையும் அதன் சம்மதமில்லாமல் குறைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். வயோமிங் சம்மதிக்குமா? மக்கள்தொகைக் கணக்கு பிரதிநிதிகள் சபையில்: கலிபோர்னியாவுக்கு 52, வயோமிங்குக்கு 1. 1913 வரை செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை, மாநிலச் சட்டமன்றங்களே அனுப்பின. நம் ராஜ்யசபை போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. இங்கே அந்த வித்தியாசம் கிடையாது.

சங்கிலித் தாத்தா எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கும் டேட்டன் தம்பிக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கட்டுரை போய்விட்டது. மார்க் இன்னும் வரவில்லை.

முதலில் எச்சரிக்கை. மகனைக் கேட்டு மாவட்ட நில வரைபடத்தைக் கணினியில் திறந்தேன். ஆற்றுக்கு மேற்கே ஒரு சதுரம்கூட இல்லை! கோணல் மாணலாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தாற்போல நிலங்கள், ஓடையைத் தழுவிக்கொண்டு சாலைகள். எங்கள் கிராம வரைபடத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. தேடிப் படித்தேன். வர்ஜீனியா நிலத்தை ஒப்படைக்கும்போது, தன் போர் வீரர்களுக்கென்று சயோட்டோவுக்கும் லிட்டில் மயாமி ஆற்றுக்கும் நடுவிலுள்ள பகுதியை ஒதுக்கி வைத்துக்கொண்டதாம். அங்கே சதுர அளவை இல்லை. வாங்கியவர் தனக்குப் பிடித்த மண்ணைச் சுற்றி மரத்துக்கு மரம் எல்லை சொல்லிப் பதிவு செய்துகொண்டார். ஓக் மரம் விழுந்தால் எல்லையும் விழும். வழக்குக்குக் கேட்கவா வேண்டும்? முப்பத்தொரு வருடம் நான் தீர்த்து வைத்த வரப்புத் தகராறெல்லாம் இந்த ஊரிலும் நடந்திருக்கிறது என்று அறிந்ததில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

அடுத்தது, சங்கிலி. அறுபத்தாறு அடி என்றால் எவ்வளவு தூரம் என்று பேத்தி கேட்டாள். "கிரிக்கெட் பிட்சில் ஒரு ஸ்டம்பிலிருந்து மறு ஸ்டம்ப் வரை, இருபத்திரண்டு கஜம், அதுதான் ஒரு சங்கிலி" என்றேன். அவள் நம்பவில்லை. துணி காயப்போடும் கயிற்றை அளந்து வெட்டி, தெருமுனைப் பூங்காவுக்குப் போனோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. பத்துச் சங்கிலி போனதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு மைலுக்கு எண்பது சங்கிலி, ஒரு சதுரத்தின் ஒரு பக்கத்துக்கே நானூற்று எண்பது" என்றேன். "காட்டுக்குள்ளேயா? ரெண்டு டாலருக்கா?" என்றாள்.

கட்டுரையின் முதல் வாக்கியம் டீச்சர் சொன்னதுதான், அவள் சொற்களில்: காங்கிரஸுக்கு வரி போட முடிந்திருந்தால் ஒஹாயோவை அவ்வளவு அவசரமாக அளந்திருக்காது. தீர்வை, நிலத்தின் விலை, வடமேற்குச் சட்டம் மூன்றையும் கீழே வைத்தாள். தம்பி சொன்னதை எங்கே வைப்பது என்றுதான் வாக்குவாதம். கடைசிப் பத்தியில் வைக்கலாம் என்றேன் நான். "கடைசியில் வைத்தால் ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி இருக்கும்" என்று சொல்லி, நிலம் யாருடையது என்பதை இரண்டாவது வாக்கியமாகவே எழுதிவிட்டாள்.

அடுத்த வாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மார்பரி எதிர் மாடிசன் வழக்காம், 1803. அதே வருடம்தான் ஒஹாயோவும் மாநிலமானது. தொடர்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டால் பேத்தி முறைக்கிறாள். இருந்தால் யாராவது சொல்லுங்கள்.